இடக்கொம்பு ஒடிந்த அம்மா

என் கொழுந்தன் வாங்கி வந்த பொம்மை ஆட்டுக்கு இரண்டு கொம்புகளும் முழுசாக இருந்தன. அன்று வீட்டில் நடந்த சண்டைக்கு அதுதான் காரணம். என் மகளின் நான்காவது பிறந்த நாளுக்கென்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியிருந்தான். குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள்; அவன் கொடுக்கவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்தவன் முகம் சிவந்து, சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தான். பொம்மையின் இடது கொம்பைப் பாதியில் வெட்டி, பிதுங்கிய பஞ்சை விரலால் உள்ளே தள்ளி, கறுப்பு நூலால் ஏழெட்டுத் தையல் போட்ட பிறகுதான் அவளிடம் நீட்டினான். அதற்குள் குழந்தை அழுது முடித்திருந்தாள். "புதுப் பொம்மைய அறுத்துட்டியேடா, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று என் கணவர் கத்தினார். "இப்பதாண்ணா இது அம்மா. இத்தினி நேரம் வெறும் ஆடு" என்றான் அவன்.

அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த ஆடு ஒரு கார்ட்டூன் படத்து ஆடு. மலைச்சரிவில் வாழும் ஓர் ஆட்டுக் குடும்பத்தின் கதை, மூன்று குட்டிகள். பாறை உருண்டு வரும்போது குட்டிகளை மறித்து நின்றதில் அம்மா ஆட்டின் இடது கொம்பு ஒடிந்துவிடும். தமிழில் குரல் கொடுத்து வந்த அந்தப் படத்தைத் தெருவிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள், வளர்ந்தார்கள், மறந்தார்கள். இவன் மறக்கவில்லை. என் மாமியார் அவன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டவர். அந்த ஏக்கம்தான் இப்படி வருகிறது என்று என் கணவர் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்த ஆடு நன்றாக வரையப்பட்டிருந்தது, வரையத் தெரிந்தவன் அதில் விழுந்துவிட்டான், அவ்வளவுதான்.

படத்தை வைத்து வந்த சாமான்கள் எதுவும் அவனிடம் தேறவில்லை. சோற்று டப்பா வந்தது: மூடியில் குடும்பம், டப்பாவில் புல். மூடியைக் கழற்றினால் குடும்பம் பட்டினி என்பான். படுக்கை விரிப்பு வந்தது: அம்மாவும் குட்டிகளும் விரிப்பில் இருக்க, அப்பா மட்டும் தலையணை உறையில் தனியாகக் கிடந்தார். "இன்னா அண்ணி, விவாகரத்தா?" என்று கேட்டான். செருப்பு வந்த அன்று மட்டும் சிரிக்கவில்லை. "செருப்புல அம்மா மூஞ்ச போட்டுக்கிறானுங்க. காலால மிதிக்கவா அவ கொம்ப ஒடிச்சிக்கினா?" என்று கடைக்காரரிடமே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தான். வீட்டில் எல்லாரும் அவனை ஆட்டுக்காரன் என்றோம். நான்தான் அதிகம் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

படத்துக்குப் பிறகு வீடியோ கேம் வந்தது. முதல் பாகத்தை அவன் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மழை வருவதற்குள் மூன்று குட்டிகளையும் வீடு சேர்க்க வேண்டும், அதுதான் ஆட்டம். இரண்டாம் பாகம் வந்ததும் வீட்டில் நிம்மதி போனது. அதில் புதிதாக ஒரு ஆடு வரும். அச்சு அசல் அம்மா மாதிரியே இருக்கும், அதே குரலில் குட்டிகளைக் கூப்பிடும், ஆனால் ஒடிந்திருப்பது வலது கொம்பு. அதை நம்பிப் பக்கத்தில் போகிற குட்டி திரும்பி வராது. பிள்ளைகள் அதற்குப் பொய்யம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். "மொதோ பார்ட்ல தோத்தா மழை வரும், குட்டிங்க நனையும், அவ்ளோதான். ரெண்டாவது பார்ட்ல தோத்தா அம்மாவே வந்து கடிக்குது. எவன்னா புள்ளைங்களுக்கு இப்டி ஒரு கேம் பண்ணுவானா?" என்று சாப்பிடும்போது, வண்டி ஓட்டும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்டுக்கொண்டிருந்தான். என் மகளை அந்தப் பாகத்தைத் தொடவிடவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனாலும் வலது கொம்பு, இடது கொம்பு என்பது மட்டும் என் மண்டையில் ஏறியிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

நானும் அவனும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றின் மாடியில், டிசைன் அறை. சேலையில் வருகிற மயிலையும் மாங்காயையும் கணினித் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. எந்த இடத்தில் எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டங்கள்தான் சொல்லும். அதை வைத்து அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறும். எங்கள் குடும்பத்தில் தறியில் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை. மாமனார் முசரவாக்கத்தில் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக உழைத்தவர். குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் அவன். முதலாளியிடம் சொல்லி நான் சேர்த்துவிட்டேன். அந்த வருஷம் எங்கள் அறையின் தலைமை டிசைனர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்து நான்தான் என்று அரசல்புரசலாகப் பேச்சு இருந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்கும் கிடைக்காதது அது. அதில் எனக்குப் பேராசை இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் முதலாளி அந்த ஆட்டுக் குடும்பத்தைப் பட்டுப் பாவாடையில் நெய்வதற்குப் படக் கம்பெனியிடம் முறையாக அனுமதி வாங்கினார். சேதி கேட்ட அன்று என் கொழுந்தன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கம்பெனி அனுப்பிய விதிமுறைப் புத்தகம் கனமாக இருந்தது, முழுக்க ஆங்கிலம். அவன் அதை வரி விடாமல் படித்தான். நான் மேலட்டையைப் பார்த்ததோடு சரி. பாவாடைக் கரையில் அம்மா ஆடு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் குட்டிகள். இரண்டு அம்மாக்களின் உடம்பும் எதிரெதிரே பார்த்திருக்கும், முகம் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கும். எங்கள் ஊரில் கரையில் எந்த ஜீவனையும் ஒற்றையாக விடுவதில்லை. கிளியோ அன்னமோ யாளியோ, எதிரும் புதிருமாக ஜோடி போட்டால்தான் கரைக்கு லட்சணம். அதற்கு யாரும் இரண்டு தடவை வரைய மாட்டார்கள். ஒன்றை வரைந்து மிரர் போட்டால், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பி ஜோடி தானாக வந்துவிடும். ஒரு விசையை அழுத்துகிற வேலை. என் பதினோரு வருஷ அனுபவத்தில் எத்தனை ஆயிரம் கிளிக்கு அதைச் செய்திருப்பேனோ தெரியாது.

ஆடுகளை வரைகிற வேலையை முதலாளி அவனிடம் கொடுத்தார். அவனோ இரண்டு அம்மாவையும் தனித்தனியாகத்தான் வரைவேன் என்று முதலாளியிடமே போய் நான்கு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கினான். எனக்கு எரிச்சல். ஆட்டுக்காரன் அலட்டிக்கொள்கிறான் என்றுதான் நினைத்தேன். முதல் அம்மா முடிந்தது, குட்டிகள் முடிந்தன. இரண்டாவது அம்மாவைத் தொடங்குகிற நேரத்தில் முசரவாக்கத்தில் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க அவன் போனான். இரண்டு நாள் ஆகியும் வரவில்லை. அட்டை போடுகிறவர் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். முதலாளி மாடிப்படியில் நின்று, "இன்னாமா, ஆடு எந்திரிச்சிதா இல்லியா?" என்றார். எல்லார் முன்னாலும் கேட்டார். நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, டிசைன் கோப்பைத் திறந்து, மிரர் போட்டு, அனுப்பிவிட்டேன். ஜோடி கச்சிதமாக இருந்தது. டீ குடிக்கப் போனேன்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் நேராகச் சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்குப் போயிருக்கிறான். தறியில் ஒரு முழம் ஏறியிருந்தது. "ஜோடி அழகா வந்துக்குது தம்பி" என்று நெசவாளர் பெருமையாகக் காட்டினாராம். அங்கிருந்து அவன் வந்த வேகத்தில் மாடிப்படி அதிர்ந்தது. என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணி, மிரர் போட்டது யாரு?"

"நான்தான். வேற வழி? அட்டைக்காரரு உக்காந்துக்கினு இருக்காரு."

"அந்தப் பக்கம் நிக்கிறது அம்மா இல்ல அண்ணி. பொய்யம்மா. நடுவுல குட்டிங்கள வுட்டு, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அவ. கர முழுக்க அப்டியே போவுது."

அவன் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "யாருப்பா பாக்கப் போறாங்க? பாவாடைய கட்டிக்கினு கோயிலுக்குப் போயி படம் புடிச்சிக்கினு வருங்க. கொம்ப யாரு எண்ணிக்கினு இருப்பா?"

"பெரியவங்க எண்ண மாட்டாங்க. புள்ளைங்க எண்ணும்" என்றான்.

உடனே முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நெய்த துண்டைப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தோம். அவர்களே நன்று என்று பதில் போட்டுவிட்டார்கள். அவர்கள் ஆட்டை அவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை, உனக்கு என்ன என்று கேட்டேன். பாவாடை அறிமுக விழா பதினோரு நாளில். அன்றைக்கே தலைமை டிசைனர் யார் என்றும் சொல்லப்போகிறார் முதலாளி. விதிமுறையைப் படிக்காமல் வேலையைக் கெடுத்தவள் என்று தெரிந்தால் அந்த நாற்காலி எனக்கு இல்லை. அதைச் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். உன்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டது யார் என்றும் கேட்டுவிட்டேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அந்தப் பதினோரு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டு மேலே போய்விடுவான். மகள் ஆட்டுக் கதை சொல்லச் சொன்னால் தலைவலி என்பான். நான்காம் நாள் மறுபடி வந்தான். "இன்னிக்கு சொன்னாகூட மூணு தறிதான் அண்ணி. அட்டைய மாத்திட்டா போதும். நான் வரஞ்சி வச்சிருக்கேன்" என்றான். வரைந்து வைத்திருந்தான், இரண்டாவது அம்மா, சரியான கொம்போடு. திரையில் காட்டினான். நான் பார்க்கவில்லை. விழா முடியட்டும் என்றேன். எட்டாம் நாள் தறிகள் ஆறாயின. அவன் என்னிடம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. முதலாளி மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அவனைப் பார்ப்பேன், அவன் திரையைப் பார்ப்பான்.

விழா காலை பத்து மணிக்கு. கடைக்குள் வாழைமரம் கட்டியிருந்தார்கள். படக் கம்பெனி சார்பில் ஓர் அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தார். முதல் பாவாடையை முதலாளியின் பேத்திக்குக் கட்டியிருந்தார்கள். ஐந்து வயது. அரக்குப் பாவாடை, பச்சைக் கரை, கரையில் சரிகையில் ஆடுகள். கடையே கைதட்டியது. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கரையைப் பார்ப்பதற்காகத் தரையில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் விரல் கரைமேல் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "அம்மா" என்று ஒரு ஆட்டைத் தொட்டாள். குட்டிகளைத் தாண்டி அடுத்ததைத் தொட்டாள், விரலை எடுத்தாள். "பொய்யம்மா" என்றாள். என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அடுத்தது அம்மா. அடுத்தது பொய்யம்மா. பாவாடையை இழுத்து இழுத்துப் பின்பக்கம் வரை பார்த்தாள். தன்னைச் சுற்றி முழுக்கப் பொய்யம்மா நிற்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு அலறல் அலறினாள் பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது. பாவாடையைக் கழற்றச் சொல்லிக் காலை உதறினாள். தாய் தூக்கப் போனால் தாயையும் உதறினாள். கம்பெனி அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து கரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்போதுதான் அவரும் எண்ணினார்.

கால் மணி நேரத்தில் முதலாளி, கம்பெனி அம்மா, அவன், நான் என்று நான்கு பேரும் முதலாளி அறையில் இருந்தோம். கம்பெனி அம்மா விதிமுறைப் புத்தகத்தை ஒரு பக்கத்தில் திறந்து மேசையில் வைத்தார். இந்த முகத்தைத் திருப்பிப் போடக் கூடாது என்று படத்தோடு போட்டிருந்தது. "யாரு பண்ணது?" என்று கேட்டார் முதலாளி. என் கொழுந்தன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தான். நான் மேசைமேல் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "நான்தான் சார்" என்றான்.

முதலாளி நம்பவில்லை. "நீயா? ரெண்டையும் தனித்தனியா வரையணும்னு எங்கிட்ட வந்து நாலு நாளு டைம் வாங்குன நீயா மிரர் போட்ட?"

"அப்பாவுக்கு அடிபட்ட டென்ஷன் சார். ஆஸ்பத்திரிக்கு கெளம்புற அவசரத்துல போட்டுட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடைந்திருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அன்று மாலைக்குள் பாவாடைகள் எல்லாம் மூட்டையாகிப் படக் கம்பெனிக்குப் போயின, அனுமதி ரத்தாயிற்று, என் கொழுந்தனுக்கு வேலை போயிற்று. வீட்டில் என் கணவர், "ஆடு ஆடுன்னு சுத்துனவன் ஆட்டுலயே கோட்ட வுட்டான் பாரு" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவனும் கூடச் சிரித்தான். அடுத்த மாதம் தலைமை டிசைனர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறான். சம்பளம் என்னுடையதைவிடக் கூடுதல். கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறான். எங்களுக்குள் போக்குவரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆட்டைப் பற்றி மட்டும் அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். போன மாதம் அந்தக் கேமின் மூன்றாம் பாகம் வந்ததும் ஓடிப்போய் அவனிடம் கேட்டிருக்கிறாள்: பொய்யம்மா யார், எங்கிருந்து வந்தாள் என்று இதில் சொல்கிறார்களாமே, நீ விளையாடினாயா, நல்லா இருக்கா? "அதெல்லாம் எனக்குத் தெரியாதுமா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து, சித்தப்பாவுக்கு ஆடு பிடிக்காதா என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு அவன் சொன்ன கதைகள் எதுவுமே ஞாபகம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி உள்ளே சமையலில் இருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன், தப்பு என்னுடையது, நீ ஏன் உன்மேல் போட்டுக்கொண்டாய், நான் நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்று. ஆறு வருஷமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட வரவில்லை.

அவன் சக்கரத்தின் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்தான்.

"உங்கள காப்பாத்தணும்னு நான் சொல்லல அண்ணி. நான் என் பேர சொன்னா, நீங்க ஐயோ அவன் இல்ல, நான்தான்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்காவத்தான் சொன்னேன்."

அவன் துணியைப் பிழிந்து கொடியில் போட்டான்.

"முதலாளி கிட்டல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம். உள்ள வாங்க, சோறு ஆறிப்போவுது" என்றான்.